எண்ணெய்க் கசிவும் கசடும்

மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாரா என்னும் ஊரில், அம்பாசடர் என்னும் மோட்டார் வண்டி 1950களின் இறுதியிலிருந்து 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டு வந்தது. இங்கிலாந்தில் வழங்கிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியைத் தழுவி அமைந்தது அது. அமைச்சர்களைச் சுமந்ததும் அதுவே; மணமக்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்ற வாடகை வண்டியும் அதுவே. உற்பத்தி நின்ற பின்னரும் அதனைப் போற்றி வைத்திருப்போர் உளர். பொழுது விடிந்ததும் அத்தகைய வண்டி ஒன்றின் அடியில் தரையைப் பார்த்தால், உள்ளங்கை அளவுக்குக் கருநிறக் கறை படிந்திருத்தலைப் பெரும்பாலும் காணலாம். “வயதான வண்டி, ஒழுகத்தானே செய்யும்?” என்று கூறி, கறையின்மேல் மணலைத் தூவிவிட்டுப் போவோர் சிலர். அச்சமுற்று, எஞ்சினையே பிரித்துவிடும்படி பணிப்போர் வேறு சிலர். இரு திறத்தாரும் கறையைப் பார்த்தனரே அன்றி, அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேட்டாரில்லை.

எஞ்சினுள் எண்ணெய் செய்யும் தொண்டு பலவகைப்பட்டது. உராயும் உறுப்புகளிடையே மெல்லிய படலமாக நின்று தேய்வைக் குறைக்கிறது. பிஸ்டன்களின் வெப்பத்தைத் தான் ஏற்றுக்கொண்டு அடித்தொட்டிக்குக் கொண்டுசேர்க்கிறது. கரித்தூளைப் படியவிடாமல் தன்னுள் மிதக்கவைத்துச் சுமக்கிறது. அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினில் ஏறத்தாழ 4 லிட்டர் எண்ணெயே இத்தனை வேலைகளையும் செய்கிறது. எண்ணெய் கறுத்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. அது அழுக்கைச் சுமந்து தன் கடமையைச் செய்கிறது என்பதற்கும் அக்கறுமை அடையாளம் ஆகலாம். உரிய காலத்தில் மாற்றாமல் விட்டால்தான் சுமக்கும் ஆற்றல் தீர்ந்து, அழுக்கு கீழே படியத் தொடங்கும். களிம்புபோல் அவ்வாறு படிவதே கசடு எனப்படும்.

கசடு உண்டாவதற்கு நீரும் ஒரு காரணம். எஞ்சினுக்குள் நீர் எவ்வாறு புகுந்தது? அது புகவில்லை, அங்கேயே பிறந்தது! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், எரியும்போது காற்றின் ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிந்தால், ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும் என்பது வியப்பாகத் தோன்றலாம். அதன் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழிறங்கி, கிராங்க் தண்டு சுழலும் அறையை அடைகிறது. அதனோடு எரியாத பெட்ரோலும் கரியும் இறங்குகின்றன. பழைய வண்டியில் வளையங்கள் தேய்ந்திருக்குமாதலால், இவ்வாறு இறங்குவன மிகுதி.

வண்டி நெடுந்தொலைவு ஓடி எஞ்சின் நன்கு சூடேறினால், அந்நீர் மீண்டும் ஆவியாகிப் போய்விடும். கடைத்தெருவுக்கும் புகைவண்டி நிலையத்திற்குமாக ஒரு கல், இரண்டு கல் தொலைவே ஓடி நிற்கும் வண்டியிலோ, எஞ்சின் சூடேறுமுன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. நீர் உள்ளேயே தங்கி, எண்ணெயோடும் கரியோடும் குழைந்து கசடாகிறது. குறைவாக ஓடும் வண்டி கெடாது என்னும் எண்ணம் ஆகவே முழுதும் பொருந்தாது. அளவு கடந்த வெப்பமும் தீங்கே. அது எண்ணெயைக் காற்றோடு விரைந்து கூடச் செய்து கெட்டியாக்கிவிடும்.

இனி, கசடுக்கும் கசிவுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். கீழிறங்கும் வாயு கிராங்க் அறையில் தேங்கினால் அங்கே அழுத்தம் மிகும். ஆதலின் அது வெளியேறுவதற்கு ஒரு குழாய் அமைத்துள்ளனர். பழுது பார்ப்போர் அதனைப் ‘பிரீதர்’ என்பர். மூச்சுக்குழாய் என்று நாம் சொல்லலாம். அதனுள் கசடு படிந்து அடைத்துக்கொண்டால், அடைபட்ட வாயு வேறு வழி தேடும். மூடிகளின் கீழுள்ள கார்க்கு அட்டைகளின் விளிம்பு, தண்டுகளின் முனை என எங்கெல்லாம் நெகிழ்வு உண்டோ அங்கெல்லாம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளிப்படும். எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து எண்ணெய் கீழிறங்கும் துளைகளைக் கசடு அடைத்தாலும் இதே நிலைதான். எண்ணெய் மேலேயே தேங்கி, வால்வு மூடியின் ஓரமாக வழியும். கசிவினால் எண்ணெய் குறையக் குறைய, எஞ்சியிருக்கும் எண்ணெய் மிகுந்த வெப்பத்தைத் தாங்க வேண்டிவரும். அதனால் கசடு மேலும் பெருகும். ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகக் கருதி மருந்து தேடுவோர் பணத்தை இழப்பர்.

அம்பாசடரில் பல்லாண்டு பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் இவ்வுறவு தெளிவாக விளங்கும். அதன் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் அடைப்பு இல்லை. திருகாணியின் மரைபோல் ஒரு பள்ளம் தண்டைச் சுற்றிச் செல்கிறது. தண்டு சுழலும்போது அப்பள்ளம், வெளியேற முயலும் எண்ணெயைத் திருகித் திருகி உள்ளே திருப்பி அனுப்பிவிடும். எளிய அமைப்பாயினும் நயமானது. ஆனால் வண்டி நின்றதும் திருகின் வேலையும் நின்றுவிடும். அப்போது சில துளி கசிதல் இயல்பே. உள்ளே அழுத்தம் மிகுந்துவிட்டாலோ, ஓடும்போதும் திருகு தோற்றுப்போகும். பின்முனையைச் செம்மை செய்வதற்கு எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். வண்டி பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் அதனை வாடகைக்கு ஓட்டுபவர் வீட்டில் வருவாய் இல்லை. ஒரு குழாயைத் தூய்மை செய்தால் தீரும் குறைக்காக எஞ்சினை இறக்கச் செய்வது எத்துணைக் கொடுமை!

ஆயினும் கசிவின் ஊற்றைக் காண்பது எளிதன்று. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடுகையில் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். எனவே துளி விழும் இடம் ஒன்று, புறப்பட்ட இடம் மற்றொன்று. வால்வு மூடியின் ஓரத்தில் கசிந்த எண்ணெய், எஞ்சினின் முதுகுப்புறமாக இறங்கிப் பின்பக்கத்து அடியில் சொட்டும். காண்போர் பின்முனையையே பழிப்பர். ஆதலால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் தோய்த்த தூரிகையால் அதன் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிட வேண்டும். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. பின்னர் ஐயத்திற்குரிய இடங்களில் முகத்திற்கு இடும் பவுடரை மெல்லத் தூவி, வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டிவந்து நிறுத்தி, மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் பார்த்தல் வேண்டும். வெண்மையின் நடுவே ஈரக்கோடு தொடங்கும் இடமே ஊற்று. முகர்ந்து பார்த்தலும் பயன்படும். பின் அச்சுப் பெட்டியின் எண்ணெயில் கந்தக நெடி வீசும்; எஞ்சின் எண்ணெயில் அந்நெடி இராது.

கசடின் அளவை எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி ஓரளவு காட்டிவிடும். மூடியின் உட்புறத்தில் பால்போன்ற வெண்குழம்பு படிந்திருந்தால், நீர் கலந்துள்ளது என்பது பொருள். அது குறுந்தொலைவு ஓட்டத்தால் வந்ததாகலாம். ரேடியேட்டரிலும் நீர் நாள்தோறும் குறைந்துவருமாயின், சிலிண்டர் தலையின் கீழுள்ள கேஸ்கெட் பழுதுற்று, அவ்வழியே நீர் கலக்கிறதா என்று ஆராய வேண்டும். கருங்களிம்பு அப்பியிருந்தாலோ, அடித்தொட்டியிலும் அதுவே நிறைந்திருக்கும் என்று கொள்ளலாம். அங்கேதான் எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டி இருக்கிறது. அது அடைபட்டால், தொட்டியில் எண்ணெய் இருந்தும் தாங்கிகளுக்கு எண்ணெய் எட்டாது. அவை தேய்ந்து, எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

கசடைக் கரைக்கும் வலிய நீர்மங்களை ஊற்றி ஒரே நாளில் எஞ்சினைத் தூய்மை செய்ய முயல்வோர் உண்டு. பழைய எஞ்சினில் இது ஆபத்து. பாளம்பாளமாகப் பெயரும் கசடு நேரே வடிகட்டியை அடைந்து அதனை மூடிவிடும். அடித்தொட்டியைக் கழற்றிக் கையால் சுரண்டி எடுத்தலும், வடிகட்டியைக் கழுவிப் பொருத்தலும், புது எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே மீண்டும் ஒருமுறை மாற்றுதலுமே தக்க வழி. மூச்சுக்குழாயைக் கழற்றி அதன் இருமுனையும் காணும்படி தூய்மை செய்தல் இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகச் செய்யத்தக்கது. அதற்கு ஒரு முற்பகல் போதும். கார்க்கு அட்டைகளைப் புதிதாக இடும்போது, இறுக்கினால் கசியாது என்று எண்ணி ஆணிகளை வலிந்து முறுக்குதல் கூடாது. அட்டை பிதுங்கிக் கிழியும். தகட்டு மூடியும் வளைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின், இரவில் வண்டியின் அடியில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவைக்கலாம். சில நாள் தொடர்ந்து பார்த்தால், துளிகள் குறைந்துவருவது தெரியும். பின்முனையின் நேர்கீழே இரண்டொரு துளி மட்டும் இருக்குமாயின், எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. குழாய் தூய்மையாக இருந்தும், ஊற்றும் வாயைத் திறந்தால் புகை வேகமாக வீசி, தாளிலும் கறை பரந்திருக்குமாயின், வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொண்டு, அப்போது எஞ்சினைப் பிரிக்கலாம்.