ஜோடி வால்வுக்கு ஒரு தராசு

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரில் அடுத்தடுத்து நின்ற இரண்டு வால்வுகளில் ஒன்று ஹீட்டரின் மெல்லிய ஆரஞ்சு வெளிச்சத்தோடு அமைதியாக இருந்தது. மற்றதன் பிளேட்டு உலையில் பழுத்த இரும்பு மாதிரி ஓரம் சிவந்துகொண்டிருந்தது. இரண்டும் ஈ.எல்.34, இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு.

அந்த செட், ஆலங்குடிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நம்பர் ஒண்ணுதான் தம்பி, குணம் வேற. ஜோடி பாத்துல்ல போடணும்" என்றார். எப்படிப் பார்ப்பது? அதற்கான பெட்டியை வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளலாம்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மைக் செட் இல்லாமல் எந்த விசேஷமும் நடக்காது. தை பிறக்குமுன்பே ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்கும் தச்சங்குறிச்சி வாடிவாசலானாலும் சரி, நார்த்தாமலை மாரியம்மன் பங்குனித் திருவிழாவானாலும் சரி, முதலில் ஏறுவது குழாய்தான். இன்று அதன் பின்னால் இருப்பவை டிரான்சிஸ்டர் செட்டுகள். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் நம் ஊர்ப் பந்தல்வரை வந்து சேர்வதற்குமுன், குரலைப் பெருக்க வால்வை விட்டால் வேறு கதி இல்லை. புதுக்கோட்டைக்காரரான பி.யு.சின்னப்பா 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பாடியதைக் கொட்டகையில் கேட்டவர்கள், வால்வு வழியாக வந்த குரலைத்தான் கேட்டார்கள்.

வால்வு என்ற பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. அது ஒரு மின்சாரக் குழாய்த் திருகு. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவைக்குள், நடுவில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசிய கேத்தோடு. ஹீட்டர் அதைச் சுமார் 750 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றும்போது அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வெளிவட்டத்தில் நேர்மின் அழுத்தத்தோடு நிற்கும் பிளேட்டு அவற்றை இழுக்கிறது. இடையில் மெல்லிய கம்பிச் சுருளாக கிரிட். கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர்மின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஓட்டம் குறையும், குறைத்தால் கூடும். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் இந்த கிரிட்டைச் சேர்த்த பிறகுதான் வால்வு பெருக்கியானது.

குணம் மாறுவதும் இந்த கிரிட்டால்தான். கேத்தோடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. அந்த இடைவெளியில் தலைமுடி அளவு பிசகினாலும் ஓட்டம் மாறிவிடும். கேத்தோடு பூச்சு உழைத்து உழைத்துத் தேய்வது தனிக் கணக்கு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்த காலம் போய்விட்டது. இப்போது சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வருவதிலும் இந்த வித்தியாசம் உண்டு.

பெரிய செட்டுகளில் வால்வுகள் ஜோடியாக உழைக்கும். ஜோடி என்றதும் எங்கள் பக்கத்துப் பந்தய வண்டி மாடுகள் நினைவுக்கு வரும். ஆனால் அவை சேர்ந்து இழுப்பவை. இது, ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற வேலை. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். இரண்டின் நிலை ஓட்டமும் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் எதிரெதிர்த் திசையில் போவதால், சமமாக இருந்தால் இரும்பில் காந்தம் தங்காது. சப்ளையிலிருந்து வரும் இரைச்சலும் தானே கழிந்துவிடும். ஏறுமாறானால் பாஸ் கெடும், 'ம்ம்ம்' கேட்கும். ஈ.எல்.34-இன் பிளேட்டு தாங்கக்கூடியது 25 வாட். 400 வோல்ட்டில் அது சுமார் 62 மில்லி ஆம்பியர். என் செட்டில் ஒரு வால்வு தன் பங்குக்கு மேல் தின்று, அந்த எல்லையைத் தாண்டிச் சிவந்திருக்கிறது.

மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்த்தால் ஹீட்டர் அறுந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். குணம் தெரிய நிஜமான உயர் அழுத்தத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அழுத்தத்துக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 12 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இரண்டு வாங்கி, 12 வோல்ட் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். முதலாவதற்கு 230 வோல்ட் கொடுத்தால், இரண்டாவதன் மறுமுனையில் இழப்பு போக இருநூறு சொச்சம் வோல்ட் வரும். பிரிட்ஜ் டயோடு, 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கண்டென்சர் போட்டால் ஏறத்தாழ 280 வோல்ட் டி.சி. நேரே மெயினிலிருந்தே எடுத்தால் 325 வோல்ட் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கும், பெட்டியின் உடம்பு முழுக்க மெயின் கரண்டும் வந்துவிடும். அந்த வழி வேண்டாம்.

ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் 6 வோல்ட் 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரே போதும். கிரிட்டுக்கான எதிர்மின் அழுத்தத்துக்கு மூன்று 9 வோல்ட் பேட்டரியும் ஒரு வால்யூம் கன்ட்ரோலும். கிரிட் ஓட்டம் ஏதும் இழுக்காததால் பேட்டரி நெடுநாள் வரும். எட்டுக்கால் சாக்கெட் இரண்டு. இந்த வால்வுக்குள் இருக்கும் இன்னொரு கிரிட்டான ஸ்கிரீன் கிரிட்டை 100 ஓம் வழியாகப் பிளேட்டோடு சேர்த்துவிடலாம். கிரிட் காலிலேயே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்ற வையுங்கள், இல்லாவிட்டால் வால்வு தானாக ஊளையிடும். ஒவ்வொரு கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 சதவீதத் துல்லியமுள்ள 10 ஓம் ரெசிஸ்டர். அதில் 420 மில்லி வோல்ட் காட்டினால் ஓட்டம் 42 மில்லி ஆம்பியர். மீட்டர் கிரவுண்டுப் பக்கமே இருப்பதால் உயர் அழுத்தத்தைத் தொடுவதில்லை.

சாக்கெட் ஏன் இரண்டு? நான் முதலில் ஒன்றுதான் வைத்தேன். காலையில் ஒரு வால்வு, சாயங்காலம் ஒரு வால்வு என்று அளந்து, ஜோடி என நினைத்தவை ஜோடியாக இல்லை. காரணம் வால்வு அல்ல, வயலில் ஓடிய மோட்டார். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டு வோல்டேஜ் இறங்கும். உயர் அழுத்தம் 20 வோல்ட் குறைந்தால், இப்படி இணைத்த ஈ.எல்.34-இல் ஓட்டம் 15 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குறைந்துவிடும். நாம் தேடும் வித்தியாசமே அதைவிடச் சின்னது!

இரண்டு வால்வையும் ஒரே சப்ளையில், ஒரே கிரிட் அழுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கிரிட்டை மைனஸ் 20 வோல்ட்டில் வைத்து, 15 நிமிடம் சூடாக விட்டு, மீட்டரின் இரு முனைகளையும் இரண்டு கேத்தோடுகளில் வையுங்கள். இந்தத் தராசுக்குப் படிக்கல் தேவையில்லை. பூஜ்யம் என்றால் சமம். 20 மில்லி வோல்ட் என்றால் 2 மில்லி ஆம்பியர் வித்தியாசம். அதை ஜோடியாக ஏற்றுக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால் வேறு துணை தேடுங்கள். பிறகு அணைத்து, வால்வுகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் வால்வோடு நகர்ந்தால் குறை வால்வில், நகராவிட்டால் ரெசிஸ்டரிலோ சாக்கெட்டிலோ.

ஓர் இடத்தில் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பி மைனஸ் 22, மைனஸ் 24 வோல்ட்டிலும் பாருங்கள். அங்கெல்லாம் விலகாமல் வந்தால்தான் அது ஜோடி.

முதல் தடவை போடும்போது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு வழியாகவே கரண்ட் கொடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், பெட்டி பிழைக்கும். நீங்கள் பிழைக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஒரு வால்வில் ஓடும் அந்த 40 மில்லி ஆம்பியர் மனித இதயத்தைத் தடுமாற வைக்கப் போதுமானது. வீட்டில் இருக்கும் இ.எல்.சி.பி. இங்கே காப்பாற்றாது. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கசிவு அதன் கண்ணுக்குத் தெரியாது. அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் நிற்கும். அதை வடிக்க, குறுக்கே 100 கிலோ ஓம் 3 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். அரை நிமிடத்தில் வடிந்துவிடும். அப்படியும் மீட்டர் வைத்து பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். ஓடும்போது அளக்க வேண்டுமானால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அளந்த எண்ணைக் கண்ணாடியில் எழுதாதீர்கள், சூட்டில் அழிந்துவிடும். அடிப்பாகத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, மில்லி ஆம்பியரையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஜோடி சேராமல் மிஞ்சும் வால்வையும் வீசிவிட வேண்டாம். ஒற்றை வால்வில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்குத் துணை தேவைப்படாது.