பூமிக்கு அடியில் கரையும் மூலதனம்

அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டா முதல் டெக்ஸஸ் வரை எட்டு மாநிலங்களின் அடியில் பரந்து கிடக்கும் ஓகலாலா நீர்த்தேக்கம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மணலிலும் கூழாங்கல்லிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பூர்விகச் சொத்து. டெக்ஸஸ் பகுதியில் ஓராண்டில் மழையால் அதில் இறங்குவது பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மக்காச்சோளத்துக்குப் பாய்ச்சுவதோ ஓரடிக்கும் மேல். இது வருமானம் அன்று, கரையும் மூலதனம் என்பதை, வேடிக்கையாக, வரிச் சட்டமே ஒப்புக்கொண்டது: எண்ணெய்க் கிணற்றுக்காரரைப் போலவே குடியானவரும் தம் நிலத்தடி நீர் குறைவதற்காக வருமானத்தில் கழிவு பெறலாமென்று 1965இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்ததியார் சொத்தைக் கரைப்பவருக்குச் சலுகை கிடைத்தது. சந்ததியாருக்கு ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயர்த்தப் பௌதிக நியாயப்படி கால் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் போதுமென்றாலும், பம்பிலும் மோட்டாரிலும் விரயமாவதைச் சேர்த்தால் அரை யூனிட் ஆகிவிடும். ஆழம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். ஒருவர் இறைப்பதால் அண்டை வயல்காரரின் மட்டமும் இறங்குகிறதே, அந்தச் செலவு மட்டும் அவருடைய ரசீதில் ஏறுவதில்லை. தம் நிலத்தடியில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1904 முதல் டெக்ஸஸ் நீதிமன்ற சம்பிரதாயமாதலால், சிக்கனம் பிடிப்பவரே அங்கே நஷ்டப்படுகிறார்.

இவ்வளவு இருந்தும், ஜிஸ்ஸர், சான்செஸ் என்ற பொருளியலறிஞர் இருவர் நியூ மெக்ஸிக்கோவின் பெக்கோஸ் படுகையை ஆதாரமாகக் கொண்டு, கட்டுப்பாட்டால் விளையும் லாபம் சொற்பமே என்று 1980இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணிதத்தில் குறை சொல்வதற்கில்லை. நீர்த்தேக்கத்தைப் பக்கங்கள் நேராக நிற்கும் தொட்டியாகப் பாவித்ததில்தான் குறை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் நிறைந்த மணலடுக்கின் கனம் பாதியானால், கிணற்றின் ஊறலும் பாதியோடு நிற்பதில்லை. ஏறக்குறைய கால் பங்குக்கே இறங்கிவிடலாம். நடுக்கம்பத்தைச் சுற்றிச் சக்கரங்களில் ஊர்ந்து சுமார் 130 ஏக்கர் வட்டத்தை நனைக்கும் அந்நாட்டு நீள்குழாய்க்கு, கதிர் பட்டிழை விடும் கோடை வாரங்களில் போதிய தண்ணீர் கிடைக்காவிட்டால், மற்ற மாதங்களில் எவ்வளவு ஊறினாலும் பயிருக்குப் பிரயோஜனமில்லை. ஆகவே அடியில் தண்ணீர் தீர்வதற்கு வெகு முன்பே கிணறு பயனற்றுப்போய், நிலம் மானாவாரியாகி, அதன் விலையும் வீழ்கிறது.

வடமேற்குக் கான்ஸாஸில் ஷெரிடன் வட்டாரத்துக் குடியானவர்கள், இறைப்பைச் சுமார் 20 சதவீதம் குறைத்துக்கொள்வதென்று தாங்களே கூடிப் பேசி, 2013 முதல் ஐந்தாண்டுகளுக்குச் சட்டபூர்வமான ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐந்தாண்டுக்கும் சேர்த்தே அளவு வகுத்திருந்தபடியால், இவ்வருஷம் எடுக்காமல் விட்டதை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாமென்ற தைரியத்தில், நல்ல மழை பெய்த நாட்களில் அவர்களால் மோட்டாரை நிறுத்தி வைக்க முடிந்தது. கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அக்கம்பக்கத்து நிலங்களோடு ஒப்பிட்டபோது, மகசூல் சற்றே குறைந்திருந்தாலும், செலவும் உடன் குறைந்தமையால் நிகர லாபம் குன்றவில்லை என்று தெரியவந்தது. நீர்மட்டம் இறங்குவது நிற்கவில்லை, மந்தப்பட்டது. கெடு முடிந்தபோது ஏற்பாட்டைக் கைவிடாமல், 2018 முதல் இன்னுமோர் ஐந்தாண்டுக்கு நீட்டித்துக்கொண்டார்கள்.