பினாங்கின் பாட்டுக்காரர்கள் – 9: அண்ணன் குரல், தம்பி குரல்

பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளம். 2014-இல் திறந்தது. அதைக் கடந்து முடிப்பதற்குள் கார் வானொலியில் பழைய மலாய்ப் பாட்டு நாலைந்து ஓடிவிடும். அவற்றில் ஒன்றாவது அலிகேட்ஸ் இசைக்குழு பாடியதாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாட்டு மலாய், பாடுகிறவர்கள் ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் டேவிட், தம்பி லோகநாதன். ஊருக்கு அவர் லோகா.

மலாயில் பத்து என்றால் கல், காவான் என்றால் நண்பன். பினாங்கு இசைக்காரர்களுக்கு இரண்டாவது சொல்தான் முதலீடு.

1922-இல் இங்கே பிறந்த ஜிம்மி பாயல், ஜாஸையும் மலாய் மெட்டையும் ஒரே பியானோவில் உட்கார வைத்தவர். 1971-இல் மறைந்தார். அந்த ஜாஸ் தலைமுறைக்குப் பிறகு கிதார் பிடித்த இளைஞர்கள் வந்தார்கள். ஆறுமுகம் சகோதரர்களும் 1960-களின் இறுதியில் அப்படித்தான் மேடை ஏறினார்கள்.

பிறகு ஹாங்காங். 1970-களில் பல ஆண்டுகள் அங்கே கிளப்புகளில் பாடினார்கள். அந்த வேலையின் கடுமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மேசையில் இருப்பவர் என்ன பாட்டுக் கேட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். பாடி முடித்து வியர்வை ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மற்றவர் அந்த வரியைத் தூக்கிக்கொள்ள வேண்டும். நாளுக்கு நாள் இப்படிப் பாடினால் ஒருவர் எங்கே மூச்சு வாங்குவார் என்பது மற்றவர் உடம்புக்கே தெரிந்துவிடும். ஒத்திகையில் மட்டும் வருகிற பழக்கமல்ல இது.

1979-இல் வந்தது மலாய் ஆல்பம், 'தெரிமா காசே'. நன்றி என்று பொருள். பந்து போல் நிற்கும் சுருட்டை முடியோடு இரண்டு தமிழர்கள் மலாயில் காதலைப் பாட, நாடே அவர்களைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது. 'ஹிங்கா அகிர் நந்தி'யை இன்றைக்கும் கல்யாண விருந்துகளில் கேட்கலாம். டேவிட் குரலில் ஒரு கரகரப்பு. லோகா குரலில் ஓர் இழைவு. ஒன்று மற்றதை மூடப் பார்க்காது. அந்த இசைக்குழுவின் அழகே அதுதான்.

2007 ஜூன் 4 அன்று நுரையீரல் புற்றுநோய் லோகாவைக் கொண்டுபோனது. வயது 54. அவர்கள் பாடிய பாட்டொன்றின் பெயர் 'அண்டாய்ஞா அகு பெர்கி டுலு'; 'நான் முதலில் போய்விட்டால்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை ரசிகர்கள் வேறு மாதிரிதான் கேட்டார்கள்.

டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. தனிப் பாடகராகப் பெயர் மாற்றிக்கொள்ளவும் இல்லை. தம்பி இல்லாத மேடையிலும், அதே அலிகேட்ஸ் என்ற பெயரில், அதே பந்து முடியோடு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார்.