செவியிழந்தவர் தந்த இசை

பெருங்கூட்டத்திற்கென எழுதப்படாத இசையும் மேனாட்டில் உண்டு. வீட்டுக் கூடத்தில் சிலர் வாசிக்க, சிலர் கேட்பதற்காகப் பிறந்தது அது. ‘அறை இசை’ எனலாம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்வது அதன் சிறந்த வடிவம். முன்நின்று நடத்துவோர் எவரும் இலர். ஒருவரையொருவர் நோக்கியே வாசிக்கவேண்டும்.

செக் இசைமேதை ஸ்மெத்தனா 1874-ஆம் ஆண்டில் செவிப்புலனை முற்றும் இழந்தார். 1876-இல் ‘என் வாழ்விலிருந்து’ என்னும் நால்வர் இசையை எழுதினார். முதற்பகுதி இளமைக் கனவு. இரண்டாவது, அவர் விரும்பிய போல்கா நடனம். மூன்றாவது, மறைந்த முதல் மனைவியின் நினைவு. நான்காவது களிப்போடு ஓடுகிறது. திடீரென யாவும் நின்றுவிடுகின்றன. கீழே மற்றக் கருவிகள் நடுங்க, முதல் வயலின் உச்சத்தில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அவர் காதில் ஒலித்து, செவிட்டுத்தன்மையை அறிவித்த அந்தக் கூரிய ஓசையே அது!

1878-இல் நண்பர்கள் நடுவே இது வாசிக்கப்பட்டபோது வியோலா ஏந்தியவர் துவோர்ழாக். ஸ்மெத்தனாவோ தம் படைப்பை ஒருநாளும் காதால் கேட்டதில்லை.

சொல்லில்லாத அயல்நாட்டு இசை நமக்கு விளங்குமா என ஐயுறும் நண்பர்களே, அந்த ஒரு சுரம் வரும்வரை காத்திருந்து கேளுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டியிராது.