சின்னக் கைக்கு லோ விசில்: எந்த அளவைப் பார்க்கணும்?

லோ விசில் வாங்க ஆசைன்னு யாரிடமாவது சொன்னா, திரும்பி வர்ற முதல் கேள்வி "உங்க கை பெருசா?" என்பதுதான். என் கை சின்னது. கையுறை வாங்கப் போனால் குழந்தைகள் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு எழுதிக் கேட்டபோது, "உங்கள் கைக்கு இது சரிப்படாது, சின்ன விசில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்த அளவை வெச்சு அப்படிச் சொன்னாங்க என்பது அதில் இல்லை. அந்த அளவு என்னவாக இருக்கும் என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அயர்லாந்து இசையில் வரும் ஆறு துளை டின் விசிலைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஒரு அடி நீளம், கீச்சென்ற குரல். அதோட பெரிய அண்ணன்தான் லோ விசில். ஊதுவாய் அதே மாதிரி, விரல் போடும் முறையும் அதே. குரல் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. காற்றும் கரகரப்பும் கலந்த சோகக் குரல். 1971-ல் ஃபின்பார் ஃப்யூரி என்ற ஐரிஷ் கலைஞர் வைத்திருந்த குழல் ஒன்று பயணத்தில் உடைந்துபோனது. அதற்கு மாற்றாக பெர்னார்ட் ஓவர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியத்தில் செய்து கொடுத்ததிலிருந்துதான் இன்றைய லோ விசில் தொடங்குகிறது என்று சொல்வார்கள். உடைந்த அந்தக் குழல் இந்திய மூங்கில் குழல். நம்ம ஊர் மூங்கிலுக்கு இதில் இப்படி ஒரு பங்கு இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சரி, கை விஷயத்துக்கு வருவோம்.

அதிகம் வாசிக்கப்படுவது லோ டி. நம்ம கணக்கில் இரண்டு கட்டை. எல்லாத் துளையையும் மூடி ஊதினால் வரும் டி சுமார் 294 ஹெர்ட்ஸ். இரு முனையும் திறந்த குழாயில் அரை அலைநீளம் அடங்க வேண்டும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்தால் அது 58 செ.மீ. சாதாரண டின் விசிலுக்கு இதில் பாதி போதும். இந்த நீளத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனா நீளம் உங்க விரலுக்குப் பிரச்சினையே இல்லை, அது கையை எவ்வளவு தூரம் நீட்டணும் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். விரலுக்குப் பிரச்சினை, துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு இடைவெளி.

ஊதுவாயிலிருந்து துளைகளை 1 முதல் 6 வரை எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாம் மூடினால் ச. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ரி, க, ம, ப, த, நி, அப்படியே சங்கராபரணம். 6-வது துளை திறந்தால் ரி, 5-வதும் திறந்தால் க, 4-வதும் திறந்தால் ம. க-வுக்கும் ம-வுக்கும் நடுவே அரை ஸ்வரம்தான், அதனால் 4-ம் 5-ம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரி-க்கும் க-வுக்கும் நடுவே முழு ஸ்வரம். அதனால் 5-க்கும் 6-க்கும் நடுவே பள்ளத்தாக்கு. துளைகள் குழாயின் குறுக்களவு அளவுக்கே பெரிதாக இருப்பதாகக் கற்பனை செய்து கணக்குப் போட்டால் முதல் இடைவெளி 2.6 செ.மீ, இரண்டாவது 5.6 செ.மீ. அந்த 5.6-ஐத் தாண்ட வேண்டியது நடுவிரலும் மோதிர விரலும். மனிதக் கையில் ஒன்றைவிட்டு ஒன்று விலக ரொம்பவே மறுக்கும் ஜோடி அது. அந்த விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

இந்த இடத்தில்தான் விசில் செய்பவரின் கைவேலை வருகிறது. துளையைச் சின்னதாக்கினால் சுருதி இறங்கும். இறங்கிய சுருதியைச் சரிசெய்யத் துளையை ஊதுவாய்ப் பக்கம் நகர்த்த வேண்டும். அப்போ 6-வது துளையைச் சின்னதாகப் போட்டு மேலே நகர்த்தலாம், 5-வதைப் பெரிதாகப் போட்டு கீழே இறக்கலாம், பள்ளத்தாக்கு குறுகும். இதற்கு ஒரு விலை உண்டு. 6-வது துளை சிறுத்தால் ரி மூச்சடைத்த மாதிரி ஒலிக்கும். எந்த அளவுக்கு ரி-யைப் பலி கொடுப்பது என்பதில் செய்பவருக்குச் செய்பவர் கருத்து மாறும். அதனால்தான் ஒரே லோ டி, ஒருவர் செய்ததில் என் விரல் உட்காருகிறது, இன்னொருவர் செய்ததில் உட்காரவில்லை. பொதுவாக 4-வது துளையின் நடுவிலிருந்து 6-வது துளையின் நடு வரை 6 முதல் 7.5 செ.மீ வரை பார்க்கலாம். கடைக்காரர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய அளவு இதுதான். "லோ டி சின்னக் கைக்கு ஆகாது" என்ற வாக்கியத்தில் 6-ம் 7.5-ம் ஒண்ணாகிவிடுகின்றன. ஒன்றரை செ.மீ என்பது ஒரு விரலின் அகலம்!

இனி கையின் பக்கம். என் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து மோதிர விரல் நுனி வரை, வலியில்லாமல் விரித்தால் 5.5 செ.மீ. 7 செ.மீ விசிலுக்கு இது போதாது. விரல் நுனியால் மூடினால் போதாது என்று சொல்வதுதான் சரி.

தெரு முனையில் புல்லாங்குழல் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சிரித்துவிட்டு, "நுனியை மறந்துடும்மா. வடக்கத்திக்காரங்க அவ்ளோ பெரிய பான்சுரியை நுனியாலயா மூடுறாங்க? விரலைப் படுக்க வை" என்றார். பன்னாலால் கோஷ் பிரபலப்படுத்திய நீளமான பான்சுரி ஏறக்குறைய 32 அங்குலம். அதை வாசிப்பவர்கள் விரலை வளைக்காமல் தட்டையாகத்தான் வைப்பார்கள். அயர்லாந்தில் பைப் வாசிப்பவர்களும் அப்படியே. அதனால் லோ விசில்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'பைப்பர் பிடி'.

கீழ்க்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நடுக்கணுவின் சதையால் மூடும். மோதிர விரல் அதன் நுனிச் சதையால் மூடும். இப்படி வைத்ததும் குழாய் கையைக் குறுக்கே வெட்டாமல் சாய்வாகக் கடக்கிறது. சாய்வாகக் கடந்தால் என்ன லாபம்? கோடு போட்ட நோட்டில் ஸ்கேலை நேராக வைத்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்று. அதே ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், கோடுகள் நகரவே இல்லை, ஆனா ஸ்கேலில் தூரம் கூடியிருக்கும். விரல்கள்தான் கோடுகள், விசில்தான் ஸ்கேல். 40 டிகிரி சாய்த்தால் என் 5.5 செ.மீ, ஸ்கேலில் 7.2 ஆகிறது. கை வளரவில்லை, தசை நீளவில்லை, கோணம் மட்டும்தான் மாறியது. மணிக்கட்டை மடக்காமல், முழங்கையைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் இந்தச் சாய்வு தானாகவே வரும். கீழ்க்கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே நிறுத்தாமல் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மற்ற விரல்களுக்கு உடனே விடுதலை கிடைக்கும்.

பழகக் கொஞ்ச நாள் ஆகும். நடுக்கணுவில் நுனியில் இருக்கிற உணர்ச்சி கிடையாது, துளை முழுசா மூடியிருக்கான்னு விரலுக்கே தெரியாது. சத்தம் பிளந்தால் எல்லோரும் மூச்சைச் சந்தேகப்படுவார்கள். பத்துக்கு ஒன்பது தடவை குற்றவாளி கசிவுதான். மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே மெதுவா ஊதுங்க. எந்த விரல் வைத்ததும் சத்தம் உடைகிறதோ, அந்த விரலோ அதற்கு மேலே இருப்பதோ நகர்ந்திருக்கும். புது விரல் எட்டிப் பிடிக்கும்போது பழைய விரலை இழுத்துவிடும், அதுதான் வழக்கமான கதை. இறுக்கி அழுத்துவது இதற்கு மருந்து இல்லை. விரலில் துளையின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தால் ரொம்ப அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்குவதற்கு முன்னால் கையைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. இங்கே லோ விசிலைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் கடை கிடைப்பது அரிது என்பதால் இது முக்கியம். ஹார்டுவேர் கடையில் வெளி விட்டம் 25 மி.மீ உள்ள பிவிசி பைப்பை 60 செ.மீ வெட்டி வாங்குங்கள். பெரிய ஸ்டிக்கர் பொட்டு மூன்று எடுத்து, வாங்க நினைக்கும் விசிலின் 4, 5, 6-வது துளைகள் இருக்கும் இடத்தில் ஒட்டுங்கள். பைப்பின் மேல் முனையை உதட்டருகே வைத்துக்கொண்டு, பைப்பர் பிடியில் பொட்டுகளை மறைத்துப் பாருங்கள். ஓரம் தெரியக்கூடாது. ஒருமுறை எட்டினால் போதாது. மோதிர விரலை மட்டும் தூக்கித் தூக்கி வைங்க, ஐம்பது தடவை. எட்டுவது வேறு, வாசிப்பது வேறு. நான் 6.4 செ.மீ ஒட்டிப் பார்த்தபோது டி.வி. பார்த்துக்கொண்டே செய்ய முடிந்தது. 7.5-ல் இருபதாவது தடவை கட்டைவிரல் அடியில் இழுக்க ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன்.

அப்படி இழுத்தால் வீம்பு வேண்டாம். லோ எஃப் (4 கட்டை) விசிலில் எல்லா அளவும் லோ டி-யில் 84 சதவீதம், 7.2 செ.மீ என்பது 6 ஆகிவிடும். லோ ஜி (5 கட்டை) 75 சதவீதம், 5.4 செ.மீ. அதாவது என் கைக்கு விரல் நுனியாலேயே வாசிக்கலாம். லோ எஃப் குரலில் அந்தச் சோகம் பெருமளவு இருக்கிறது, ஜி-யில் கொஞ்சம் வெளிச்சம் கூடிவிடும். தனியாக மெதுவான பாட்டு வாசிக்கிறவருக்கு எந்தக் கட்டையாக இருந்தால் என்ன? ஐரிஷ் கூட்டு வாசிப்பில் உட்கார ஆசைப்பட்டால்தான் சிக்கல். அங்கே டி-யும் ஜி-யும்தான் ராஜ்ஜியம், எஃப் விசிலை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்கணும்.

லோ டி-யேதான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வழி. 6-வது துளையை மற்ற துளைகளின் வரிசையிலிருந்து விலக்கி, மோதிர விரல் பக்கம் போட்டுத் தருபவர்கள் உண்டு. நல்ல வசதி. ஆனா அது வலக்கை கீழே வாசிப்பவருக்கு என்றால் இடக்கைக்காரருக்கு உதவாது, ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, 6-வது துளைக்கு மோதிர விரலுக்குப் பதில் சுண்டு விரல். சிலர் இதை ஏமாற்று வேலை மாதிரி பார்க்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுண்டு விரல் நன்றாகவே விலகும். அதன் பலவீனம் வேகமான அலங்காரங்களில்தான் தெரியும். துளை ரொம்பப் பெரியதாக இருந்தால் அந்த விரல் மூடாது என்பதையும் கவனிக்கணும்.

செய்பவருக்கு எழுதும்போது "சின்னக் கைக்கு ஏற்றதா?" என்று கேட்காதீர்கள், "ஏற்றதுதான்" என்றோ "இல்லை" என்றோதான் பதில் வரும். 4-வது துளை நடுவிலிருந்து 5-வது நடு வரை எவ்வளவு, 5-லிருந்து 6 எவ்வளவு, 6-வது துளையின் விட்டம் எவ்வளவு, குழாயின் வெளி விட்டம் எவ்வளவு, நான்கையும் மி.மீ-ல் கேளுங்கள். பதில் வந்ததும் பொட்டை இடம் மாற்றி ஒட்டிவிட்டு, அப்புறம் பணம் அனுப்பலாம்.