வாவியும் வயலும் வகுத்த உணவு

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்பர். மீனும் தேனும் உணவுப் பொருள்களாதலின், நாட்டின் பெயரிலேயே அடுக்களை மணம் கமழ்கின்றதெனலாம். இந்நாட்டார் எதனை எப்பொழுது உண்டனர் என்பதை வகுத்தவை பருவமும் வாவியுமேயாம். அதனை இளைய மாணவர்க்கு ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

வாவிக்குக் கிழக்கேயுள்ள கடலோர நிலம் எழுவான்கரை. மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை. ஞாயிறு எழுதலும் படுதலும் பற்றி வந்த பெயர்கள் இவை. எழுவான்கரையில் மீனும் தேங்காயும் மிகுதி. படுவான்கரையில் நெல்லும் எருமைத் தயிரும் மிகுதி. ஒரு கரையின் மிகுதி மறுகரையின் குறையை நிரப்பிற்று. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையில் மக்களையும் பொருளையும் அக்கரை சேர்த்தது 'பாதை' என நாம் வழங்கும் மிதவையே.

ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை தரும். கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும். அக்காலத்துக்கென்றே எம் பெத்தாச்சிமார் கோடையிற் கருவாடு உலர்த்திப் பானைகளிற் சேமித்தனர். மழைக்குத் தழைத்த பொன்னாங்காணியும் வல்லாரையும் சுண்டலாயின. வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்து மணற்றடை உடையும், அன்றேல் வெட்டப்படும். கடலிற் பிறந்த இறாற்குஞ்சுகள் அவ்வழியே வாவியுட் புகுந்து வளர்கின்றன. எம் கலத்திலே பாலாணமாகும் இறால் இவ்வாறு வந்ததே.

தை, மாசியிற் பெரும்போக அறுவடை தொடங்கும். புதுநெல்லைக் குற்றிப் புக்கை சமைத்துப் படைத்த பின்னரே வீட்டார் உண்பர். இதுவே 'புதிர்' எனப்படுவது. கோடையிற் கச்சான் காற்று வறண்டு வீசும்போது பழஞ்சோறும் தயிரும் உடலைக் குளிர்விக்கும். காட்டிற் பாலைப்பழம் பழுக்கும். வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்கிற் குளிர்த்தி பாடுவதும் இவ்வெம்மைக் காலத்திலேயாம்.

இவ்வொழுங்கு பல வகையாற் குலைந்தது. 1958இல் வெளிவந்த எச்-4 நெல்லும் அதன்பின் வந்த புதிய இனங்களும் விளைச்சலைப் பெருக்கின. சீனட்டி, பச்சைப்பெருமாள் முதலியன அருகின. 1978 நவம்பர்ச் சூறாவளி தென்னைகளைச் சாய்த்தது. போர் ஆண்டுகளில் இரு கரைப் போக்குவரவு பலகாலும் தடைப்பட்டது. 2004இல் ஆழிப்பேரலை எழுவான்கரைக் குடும்பங்கள் பலவற்றின் மூத்தோரைக் கொண்டுசென்றது. அவருடன் அவர்தம் கைப்பக்குவமும் போயிற்று.

இன்று எப்பொருளும் எப்பருவத்தும் கடையிற் கிடைக்கின்றது. அது நன்மையே. ஆயின், வகுப்பிற் 'புதிர்' யாதென வினவினால், விடுகதை என்றே மாணவர் பலர் விடை கூறுகின்றனர். அவ்விடை பிழையன்று, எனினும் அவர்தம் பாட்டியர் அறிந்த பொருள் அதனுள் இல்லை.

ஆதலின் பழைய மாணவர்க்கும் பயில்வோர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. இல்லத்து மூத்தோரிடம் ஒவ்வொரு பருவத்துக்குமுரிய உணவின் பெயரையும் செய்முறையையும் கேட்டெழுதிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பீராக. கேட்டற்குரியோர் இன்னும் நம்மிடையே உளர்.