ராப் பாட்டும் ஒப்பாரியும்

ராப் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவு வருவது 1994-ல் வெளியான 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' தான். பாட்டா, பேச்சா, ஏச்சா என்று பிடிபடாமலேயே ஊரெல்லாம் அதை முணுமுணுத்தது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு கேட்பதில் பாதி அந்த வகைதான். "என்னடா இது, மூச்சுவிடாமல் யாரையோ திட்டிக்கொண்டே இருக்கிறான்?" என்று நாம் கேட்க, "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்று அவர்கள் சொல்ல, பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

புரியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. இது நம் பாட்டிமார்கள் இழவு வீட்டில் பாடிய ஒப்பாரிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதிலும் பெண்கள் பாடும் ராப்பை எடுத்துக்கொண்டால் உறவு இன்னும் நெருக்கம். அதைச் சற்று விளக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பிறந்த இடம். நியூயார்க் நகரின் வடபகுதி பிராங்ஸ். அங்கே 1948-ல் ஒரு பெரிய விரைவுச் சாலைக்கு வேலை தொடங்கினார்கள். குடியிருப்புகளின் நடுவே வெட்டிக்கொண்டு போகிற சாலை. அதில் ஒரே ஒரு மைல் நீளத்துக்காக 54 அடுக்குமாடிக் கட்டிடங்கள், அதாவது 1,530 வீடுகள் இடிக்கப்பட்டதை ராபர்ட் காரோ என்பவர் 1974-ல் வெளியிட்ட நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். பூங்கா ஓரமாகச் சற்றே தள்ளிப் போட்டிருந்தால் ஆறு கட்டிடங்களோடு போயிருக்குமாம். ரயில்வேயில் பாதை போடும் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வரைபடத்தில் அது பென்சிலை அரை அங்குலம் நகர்த்துகிற விஷயம். தரையில் அது ஆயிரக்கணக்கானவர்களின் அடுப்பு.

சாலை வந்தபின் வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா போன்ற இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களும். ஜமைக்காவிலிருந்து வந்த அப்படியொரு குடும்பத்தின் பெண் சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கும்முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக, 1973 ஆகஸ்டு 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டிடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு நடன விருந்து ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு நுழைவு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், பின்னாளில் 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று புகழ்பெற்றவர். அந்த இரவைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அண்ணன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. கூட்டம் கூட்டி, சீட்டு எழுதி, காசு வாங்கிய தங்கையின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. நம் சங்க விழாக்களில் நடக்காததா இது!

ஹிப் ஹாப் என்பது இசைத்தட்டு சுழற்றுதல், நடனம், சுவர் ஓவியம், ராப் என்னும் நாலும் சேர்ந்த கூட்டுக்குடும்பம். நாம் இங்கே பார்ப்பது சொல்லாகிய ராப்பை மட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை இலக்கியமாகவே பாடம் வைத்திருக்கிறார்கள். டிரிஷா ரோஸ் என்ற பேராசிரியை 1994-ல் எழுதிய 'பிளாக் நாய்ஸ்' என்னும் நூல் அந்த ஆய்வுக்கு அடித்தளம். ஹார்வர்டில் 2002-ல் ஹிப் ஹாப் ஆவணக் காப்பகம் தொடங்கியவரும் மார்சிலியானா மார்கன் என்ற பெண்தான். 1999-ல் 'ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு' என்னும் கிராமி விருதை ஹிப் ஹாப்புக்கு முதலில் வாங்கிக்கொடுத்தவரும் லாரின் ஹில் என்ற பெண். கேட்பவர்கள் ஆண்கள், பாடுபவர்கள் ஆண்கள், திட்டுவாங்குபவர்கள் பெண்கள் என்ற பொதுவான எண்ணம் முழுவதும் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

இலக்கியம் என்றால் இலக்கணம் இருக்க வேண்டுமே என்று தமிழாசிரியர்கள் கேட்கலாம். இருக்கிறது. ராப்பின் தாளம் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும் சதுஸ்ர நடை. அடியின் கடைசி ஓசை அடுத்த அடியின் கடைசியில் திரும்ப வரும். நம் யாப்பில் அதற்குப் பெயர் இயைபுத் தொடை. நாம் எதுகைக்கும் மோனைக்கும் தந்த இடத்தை அவர்கள் இயைபுக்குத் தந்தார்கள், அவ்வளவே. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் புதிய சொல்லை ஏற்றும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் "இன்ன பாட்டின் மெட்டு" என்று அச்சிட்டிருக்கும். வெள்ளம், கொலை, விபத்து என்று ஊர்ச்செய்தி அத்தனையும் சிந்தாகத் தெருவில் பாடி விற்கப்பட்டது.

இனி ஒப்பாரிக்கு வருவோம். ஒப்பாரி அழுகை மட்டுமல்ல. வாழ்நாள் முழுவதும் வாய்திறக்க முடியாத பெண், இழவு வீட்டில் மட்டும் என்ன வேண்டுமானாலும் பாடலாம். மாமியார் செய்தது, மைத்துனன் பிடுங்கிக்கொண்ட நிலம், மருந்து வாங்கித் தராத கணவன், எல்லாம் பெயரோடும் ஊரோடும் வரும். கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர, "நிறுத்து" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. துக்கம் தருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நடக்கும் வழக்கு விசாரணை அது. ராப் பாடும் பெண்ணும் இதைத்தான் செய்கிறாள். யார் செய்தது, எங்கே செய்தது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று தாளம் போட்டுச் சொல்கிறாள்.

உதாரணமாக, நம் கொடைக்கானல். அங்கே 1980-களில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்களைக் கொண்டுவந்து பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பாதரசம் பார்க்க அழகான பொருள். பள்ளி ஆய்வகங்களில் பிள்ளைகள் உருட்டி விளையாடியதுதான். ஆனால் சாதாரண அறை வெப்பத்திலேயே அது கண்ணுக்குத் தெரியாமல், வாசனையும் இல்லாமல் ஆவியாகும். மூச்சோடு உள்ளே போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வேலை பார்த்தவர்கள் 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குத் தீங்கு நேர்ந்ததாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நாட்டில் பெரும்பாலோர் அதை மறந்தே போனார்கள்.

இந்த நிலையில் 2015 ஜூலை இறுதியில், சோபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்னும் மூன்று நிமிட ராப் பாட்டு யூடியூபில் வெளியானது. விட்டுவிட மாட்டோம் என்று கொடைக்கானல் சொல்வதாகப் பொருள். முன்பு போபால் விஷவாயுவைப் பற்றியும் பாடியவர் இவர். மெட்டு, நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'அனகோண்டா' என்னும் பாட்டிலிருந்து எடுத்தது. அந்த மூலப்பாட்டு குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கக்கூடியது அல்ல. ஆனால் உலகத்து இளைஞர்கள் எல்லோருக்கும் அதன் தாளம் மனப்பாடம். 'இன்ன பாட்டின் மெட்டு' என்ற குஜிலி உத்தியேதான். சில வாரங்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜ் தாமே அதைப் பகிர்ந்துகொண்டார். லண்டனில் இருந்த யூனிலீவர் தலைமை நிர்வாகி ட்விட்டரில் பதில் சொல்லும்படி ஆனது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் கருணைத் தொகை தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

பாட்டுப் பாடியதால் பணம் வந்தது என்று சொன்னால் அது தவறான கணக்கு. பதினைந்து வருடம் கோப்பு சுமந்தவர்கள் தொழிலாளர்கள். கூடவே நின்றவர்கள் நித்யானந்த் ஜெயராமன் போன்ற சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். அப்படியானால் பாட்டு என்ன செய்தது? டில்லியின் டிசம்பர் மூடுபனியைக் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும். சிக்னல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டர் என்னும் வெடியை வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் படாரென்று சத்தம் கேட்கும். அந்த வெடி ரயிலை நிறுத்துவதில்லை. சிக்னல் வருகிறது, பார்த்து ஓட்டு என்று மட்டும் சொல்கிறது. பின்னால் சிக்னலே இல்லாமல் வெடி மட்டும் வைத்தால் அது வெறும் தீபாவளி. இன்றைய ராப்பில் அந்தத் தீபாவளி நிறையவே உண்டு.

2018-ல் அதே சோபியா, கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவோடு சேர்ந்து இரண்டாவது பாட்டொன்றைக் கொண்டுவந்தார். இம்முறை விஷயம் ஆலை நிலத்தைச் சுத்தம் செய்வது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்று இங்கே வைத்த அளவை, இங்கிலாந்தில் வைப்பார்களா என்பது கேள்வி. மில்லிகிராம் கணக்கைப் பாட்டில் கொண்டுவந்தவர்களை எந்த எஞ்சினியரும் பாராட்டத்தான் செய்வான்.

சோபியா பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழிலேயே பாடுபவர்களில் வடசென்னையின் இசைவாணியைச் சொல்ல வேண்டும். அவருடையது கானா. கானாவில் மரண கானா என்றே ஒரு பிரிவு உண்டு, சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவது. ஒப்பாரி பெண்கள் கையில் இருக்க, கானா ஏனோ ஆண்கள் கைக்குப் போய்விட்டது. அதற்குள் தனியாக நுழைந்தவர் இவர். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது, பத்தொன்பது பேரில் ஒரே பெண். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபரிமலை குறித்து அவர் பாடிய பாட்டுக்கு 2024-ல் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மாலை போடும் குடும்பங்கள் நம்மில் பல. எனக்கும் அந்தப் பாட்டில் உடன்பாடில்லை. ஆனால் மறுப்பதற்கும் முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1986-ல் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த சிறுமி மாதங்கி அருள்பிரகாசம், இன்று உலகம் அறிந்த 'எம்.ஐ.ஏ.'. முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரையும், 2007-ல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயராகிய 'கலா'வையும் வைத்தவர். அந்தத் தொகுப்பில் நம் ஊர் உறுமி கேட்கும். அவருடைய பேச்செல்லாம் எனக்கு ஏற்புடையதல்ல என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இதையெல்லாம் டில்லித் தமிழர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? நிஜாமுத்தீன் ரயில் நிலையத்துக்கும் ஜங்புராவுக்கும் இடையே, பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரமாக இருந்த மதராசி கேம்ப்பை நம்மில் பலர் அறிவோம். ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டிய குடியிருப்பு. கால்வாயைச் சீரமைக்க வேண்டும் என்ற உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுள்ளவர்கள் என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் குடியிருப்பு. பட்டியலில் வராதவர்களுக்கு அதுவும் இல்லை. ஜங்புராவில் வீட்டுவேலை செய்துவந்த பெண்ணுக்கு நரேலாவிலிருந்து நடந்துவரும் தூரமா அது? மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கால்வாய்க்கும் வழி வேண்டும். ஆனால் இடித்தபின் எஞ்சியிருப்பது நீதிமன்ற உத்தரவும், கணக்கெடுப்புப் பட்டியலும், சில நாள் பத்திரிகைச் செய்தியும்தான். மூன்றிலும் அங்கே குடும்பம் நடத்திய பெண்ணின் வாய்மொழி அவள் சொன்ன முறையில் இல்லை.

ஆகவே ஒரு யோசனை. கோடை விடுமுறையில் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில், கைப்பேசியில் தாளம் போடத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மதராசி கேம்ப்பில் இருந்த அம்மாக்கள், ஆயாக்களிடம் அவர்களை அனுப்பிக் கேட்கச் சொல்லலாம். எந்த வருடம் வந்தார்கள், முதல் கூரை எதனால் போட்டது, தண்ணீர் எங்கே பிடித்தார்கள், கடைசி நாள் எதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள், தெரிந்த தாலாட்டு எது, ஒப்பாரி எது. ஒப்பாரியை மட்டும் விளக்கு வைத்த வீட்டில் பாடச் சொல்லக்கூடாது. பல பெண்கள் மறுத்துவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. திறந்த வெளியில், பகலில் கேட்கலாம். சொன்னதைத் தேதியோடு எழுதி, சொன்னவர் சம்மதித்தால் மட்டும் பெயரோடு வைக்க வேண்டும். பாட்டாக்குவது பிள்ளைகள் பாடு.

'கொடைக்கானல் வோன்ட்' பாட்டை அதற்குமுன் பெற்றோர்கள் ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது. மொத்தம் மூன்று நிமிடம்தான். வேகம் பிடிபடவில்லை என்றால் யூடியூபில் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது, எப்படி என்று பேரனைக் கேளுங்கள்.